வரியில்லாக் குழாய்

இந்த வருஷம் மக்காச்சோளம் காய்வதற்கு ரொம்பவும் தாமதமாகிவிட்டது. நவம்பர் பாதி கடந்தும் மணியில் ஈரம் இருந்தது. தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் எடை போட்டவன் நான். லாரி உள்ளே நுழையும்போதே வாசனையை வைத்துச் சொல்லிவிடுவேன். கதிர் வயலில் நிற்கிறவரை மான்கள் ஓடைக்காட்டுக்கு வராது. சோளத்துக்குள்ளேயே தின்று, அங்கேயே படுத்துக் கிடக்கும். உங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும், ஷெரிஃப். அவர் நல்ல வேட்டைக்காரர்.

டெல்மர் க்ரூஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான்தான் வந்தேன். அது உங்கள் பதிவில் சரியாக இருக்கட்டும். யாரும் அழைக்காமல், நானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வேட்டைக்கு நாங்கள் நான்கு பேர். எண்பது ஏக்கர் ஓடைக்காட்டுக்குச் சொந்தக்காரன் டெல்மர். அவனுடைய சித்தப்பா மகன் லைல். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ஆர்லோ ஸ்டெஃபன். அப்புறம் நான், வெர்ன் ஹாவ்லிக். டிசம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஐந்து நாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றைக்கூட நாங்கள் விட்டதில்லை. எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. வருஷத்தின் மற்ற நாட்கள் எல்லாம் அந்த ஐந்து நாளுக்குப் போகிற சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இரண்டு பேர் ஓடைப் பள்ளத்தின் ஒரு முனையில் இறங்கி, சத்தம் கொடுத்துக்கொண்டே நடப்பார்கள். இரண்டு பேர் மறுமுனையில் துப்பாக்கியோடு காத்து நிற்பார்கள். கலைந்து வரும் மான் நிற்பவர்களின் முன்னால் வெளியேறும். ஒரே ஒரு சட்டம்தான்: ஆரஞ்சுச் சட்டை தெரிகிற பக்கம் குழாய் திரும்பக் கூடாது. அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஆர்லோவும் நானும் வைத்திருந்தவை பழைய துப்பாக்கிகள். உள்ளே வரி வெட்டாத, வழுவழுப்பான குழாய். வாத்துக்கும் காட்டுக்கோழிக்கும் செய்தது. சிதறும் ரவைகளுக்குப் பதிலாக ஒற்றை ஈயக் குண்டு வைத்த தோட்டாவைப் போட்டால் மானுக்கும் ஆகும். குறி என்று பார்த்தால் முனையில் ஒரு பித்தளை மணி மட்டும்தான். கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையில் ஒரே இடத்தில் பதிய வேண்டும். மயிரிழை விலகினால் குண்டு எங்கேயோ போகும். ஐம்பது தப்படியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் குண்டுகள் விழுந்தால் நல்ல கை என்பார்கள். அதற்கு மேல் கடவுள் விட்ட வழி என்பார்கள். பொறுமை இல்லாதவர்கள் சொல்வது அது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் நடுவில், டெல்மர் வீட்டு டிராக்டர் கொட்டகையில் உட்கார்ந்து கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் தின்றுகொண்டிருந்தோம். டெல்மர் புதிதாக வாங்கிய துப்பாக்கியை மடியில் வைத்திருந்தான். வரி வெட்டிய குழாய், மேலே தொலைநோக்கி.

"டேய் வெர்ன், அந்தத் தண்ணிக் குழாய இன்னும் எத்தன வருஷம்டா தூக்கிட்டு அலைவ?" என்றான்.

"போன வருஷம் என் ஃப்ரீசர ரொப்பினதே அவன் தண்ணிக் குழாய்தான்யா," என்று ஆர்லோ சிரித்தான். அவன் எப்போதும் எனக்காகப் பேசுவான்.

டெல்மர் விரலைத் துடைத்துக்கொண்டான். "எப்படியும் இதுதான்பா கடைசி வருஷம். ஜார்ஜியாவுலேர்ந்து ஒரு வேட்டைக் கூட்டம் வருது. காட்டை மொத்தமா அவங்களுக்குக் குத்தகைக்கு விட்டுட்டேன். ஆர்லோதான் அவங்கள கூட்டிட்டுப் போய்க் காட்டுறவன். எல்லாம் பேசி முடிச்சாச்சு."

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"உனக்கென்னப்பா. வா, கொட்டகைல உக்காந்து காப்பி குடி. யாரு வேணாம்னா?"

லைல் சிரித்தான். ஆர்லோ கிண்ணத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. டெல்மர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் எதையும் செய்கிற ஆள் நான் இல்லை. ஒருவன் இருப்பதால் மூன்று பேரின் நல்ல பழக்கம் ஒன்று கலைந்துபோகிறது என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

ஆர்லோ துப்பாக்கியைச் சுத்தம் செய்ய மாட்டான். வருஷா வருஷம் நான்தான் வாங்கிப்போய் எண்ணெய் போட்டுக் கொடுப்பேன். அடுத்த வாரம் அவனுடையதையும் என்னுடையதையும் சரளைக் குழிக்கு எடுத்துப்போய் அறுபது தப்படியில் அட்டை நட்டுச் சுட்டேன். ஒரே பெட்டித் தோட்டா. எல்லோருக்கும் சேர்த்து நானே வாங்குவதுதான் வழக்கம். என்னுடையது மணி நின்ற இடத்தில் அடித்தது. ஆர்லோவுடையது ஒரு சாண் இடப்பக்கம் தள்ளியது. மற்ற வருஷங்களில் இப்படி ஏதாவது இருந்தால் அவனிடம் சொல்லிவிடுவேன். அந்த வருஷம் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், ஞாயிறு, காலை பத்து மணி. வெறும் தரை, பனி இல்லை, காற்று இல்லை. ஏற்கெனவே ஒரு பள்ளத்தைக் கலைத்து இரண்டு பெட்டை மான்களை எடுத்திருந்தோம். எல்லாத் துப்பாக்கியிலும் ஏற்கெனவே மருந்து வாடை; எது எப்போது சுட்டது என்று முகர்ந்து சொல்ல முடியாது. டெல்மரும் லைலும் கலைக்க இறங்கினார்கள். யார் எங்கே நிற்பது என்று நான்தான் பிரித்தேன். ஆர்லோவைக் குளத்துக் கரையில் நிறுத்தினேன். அவனுக்குப் பின்னால் முப்பது அடி மேலே, வேலி மூலையில் நான்.

மூன்று மான்கள் வெளியே வந்தன. ஆர்லோ ஒன்று சுட்டான், தவறியது. மான்களுக்கு இடது பக்கம், சீடார் மரங்களுக்கு நடுவே, டெல்மர் ஏறி வந்து நின்றான். கையை உயர்த்தினான். ஆர்லோவின் கண் மான்மேல் இருந்தது, அவனைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆரஞ்சு நிறம் நன்றாகத் தெரிந்தது. ஆர்லோ இரண்டாவது சுடும்வரை மணியை அந்த நிறத்தில் நிறுத்திவைத்திருந்தேன். இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டிருக்கும்; அப்போது ஒரே வெடிதான் கேட்டது என்று லைல் பிறகு உங்கள் ஆட்களிடம் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை.

வெற்றுத் தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டேன். புதிதாக ஒன்றை உள்ளே தள்ளினேன். அப்புறம்தான் ஓடினேன்.

டெல்மரின் உயிரை எடுத்த குண்டு அவன் முதுகுப் பக்கம் சட்டைக்குள்ளேயே கிடந்தது, காளான் மாதிரி விரிந்துபோய். பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வரி வெட்டிய குழாய் என்றால் குண்டில் தன் கீறலைப் பதிக்கும்; வரியில்லாத குழாய் ஈயத்தில் கையெழுத்துப் போடாது. யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமும் எழவில்லை. ஆர்லோ அங்கேயே, சரிவில் மண்டியிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான்தான்... நான்தான் சுட்டேன். ஆனா மான் பத்தடி தள்ளிப்பா நின்னுச்சு. வெர்ன், நீ பாத்தியே, பத்தடி இருக்கும்ல?"

அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். "உன் குழாய் இடப்பக்கம் தள்ளும் ஆர்லோ. அக்டோபர்லயே பாத்தேன். சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். தப்பு எம்மேலயும் இருக்கு," என்றேன். ஒரு சாணுக்கும் பத்தடிக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்க்கிற நிலையில் அவன் இல்லை.

வேட்டை விபத்து என்று முடித்தார்கள். ஆர்லோவுக்கு அபராதம், வேட்டை உரிமம் ரத்து. அது பெரிய தண்டனை இல்லை என்று ஊரில் பேசினார்கள். அவர்கள் ஆர்லோவின் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை.

நான் பார்த்தேன். ஒன்பது வருஷம். அவன் பேருந்து ஓட்டுவதை நிறுத்தினான். பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருந்தால் சாலையைப் பார்க்காமல் கண்ணாடியில் அவர்களையே எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றான். முதல் குளிர்காலம் முடிவதற்குள் மனைவி கான்னி தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு தடவை அவன் போனில் பேசிய விதம் சரியில்லை என்று தோன்றி, அவன் வீட்டிலிருந்த துப்பாக்கிகள் எல்லாவற்றையும் என் வண்டியில் ஏற்றிவிட்டு, பதினோரு நாள் அவனோடு தங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் சூப் கொண்டுபோவேன். சீட்டாடுவோம். பேச்சு வந்தால் பேசுவோம். டிசம்பர் வந்தால் நானே அவனைக் கல்லறைக்கு அழைத்துப்போவேன். சில வருஷம் அவன் வர மறுத்தான். மறப்பது செத்தவனுக்குச் செய்கிற மரியாதை இல்லை என்று எடுத்துச் சொல்லி அழைத்துப்போனேன். தேவாலயத்தில் பாதிரியார் ஒருமுறை என் பெயரைச் சொல்லி, அண்டை வீட்டான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த ஒன்பது வருஷமும் நல்ல வருஷங்கள். அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாம் வருஷம் டெல்மரின் மனைவி மார்லிஸ் என்னிடம் ஒரு கடிதம் கொடுத்தாள், ஆர்லோவிடம் சேர்க்கச் சொல்லி. அவனை நேரில் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. உறை ஒட்டியிருக்கவில்லை. அவன்மேல் தனக்கு வருத்தமே இல்லை, டெல்மரும் அப்படித்தான் நினைப்பான், நீ வாழ வேண்டும் என்று எழுதியிருந்தாள். நல்ல கையெழுத்து. ஆனால் ஆர்லோ அப்போது பலவீனமாக இருந்தான். அப்படிப்பட்டவனுக்குத் திடீரென்று அவ்வளவு பெரிய செய்தியைக் கொடுப்பது நல்லதில்லை. தக்க சமயம் பார்த்துக் கொடுக்கலாம் என்று வண்டியின் முன்பெட்டியில் வைத்தேன். ஆறு வருஷமாகச் சமயம் வரவில்லை.

போன மாதம் மளிகைக் கடையில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். மார்லிஸ் கேட்டிருக்கிறாள்: "வெர்ன்கிட்ட குடுத்தனுப்புன என் கடுதாசிக்கு ஒரு பதிலாவது போட்டிருக்கலாமே, ஆர்லோ?"

அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான். கதவில் நின்றான். முகம் அழுது வீங்கியிருந்தது; ஆனால் அந்த முகத்தை நான் ஒன்பது வருஷமாகப் பார்க்கவில்லை. கொட்டகையில் எனக்காகப் பேசுகிறவனின் முகம்.

"மறந்துட்டியாப்பா?" என்றான்.

"மறந்துட்டேன்."

"பரவால்ல விடு. நீ எனக்குச் செஞ்சதுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "அவ என்னைப் பாத்துச் சிரிச்சா, வெர்ன். டெல்மர் பேரைச் சொல்லிச் சிரிச்சா. நான் வீட்ட விக்கப் போறேன்பா. டுலூத்ல மக கூப்புட்டுக்கிட்டே இருக்கா. பேரப்பிள்ளைங்கள நான் கையில தூக்குனதே இல்ல, தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமைக்கு நீ அங்க வாயேன் ஒரு நாள்," என்றான். எட்டு மணி நேரப் பயணம். அவனும் அதை யோசித்துச் சொல்லவில்லை.

பிறகு நான் நிறைய யோசித்தேன். அவன் செய்யாத ஒரு பாவத்தைச் சுமந்துகொண்டே டுலூத் போகிறானே, அது நியாயமா என்று யோசித்தேன். மார்லிஸ் மன்னித்தாள், சரி. ஆனால் மன்னிக்க அவன் ஒன்றும் செய்யவில்லையே. ஒரு நண்பனாக அவனுக்கு நான் கடன்பட்டிருப்பது உண்மை ஒன்றுதான் என்று முடிவு செய்தேன். அதனால்தான் வந்தேன். டெல்மர் க்ரூஸைச் சுட்டது நான். தெரிந்தே சுட்டேன். ஆர்லோவின் குண்டு குளத்துக்கு அப்பால் மண்ணில் எங்கேயோ இருக்கிறது, தோண்டினால் கிடைக்கலாம்.

கையெழுத்துப் போடத் தயார். வக்கீல் வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள். அவன் சனிக்கிழமை காலை கிளம்புகிறான்; சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. அதற்குள் நீங்கள் அவனிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். வழக்கு முடிகிறவரை சாட்சி ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கும் அல்லவா? அப்புறம், சிறையில் ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள்?