பாதி மூட்டு

— உள்ளங்கையால தடவாதீங்கம்மா. ஒரே ஒரு விரலை நீட்டி, வலி எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க.

— நான் சொல்றேன் டாக்டரம்மா. முட்டி பூராவும்தான். ராத்திரி புரண்டு படுத்தாக்கூட இவ முனகற சத்தத்துல நான் எழுந்து உக்காந்துடுவேன்.

— சார், முட்டி உங்களோடதா?

— இல்ல, என் சம்சாரத்தோடது.

— அப்ப அவங்க விரலே காட்டட்டும்.

— இங்க மேடம். உள்பக்கம், இந்த எலும்போட ஓரம். வேற எங்கயும் இல்ல.

— திரும்பக் காட்டுங்க. அதே இடம். சரி, ஒண்ணொண்ணா வருவோம். முட்டிங்கறது ஒரே ரூம் இல்ல, மூணு ரூம். உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு, முன்னாடி முட்டிச் சில்லுக்குப் பின்னால ஒண்ணு. முழுக் கையால முட்டியைப் பிடிச்சுக் காட்டறவங்களுக்குப் பெரும்பாலும் மூணும் போயிருக்கும், முழு மூட்டையும் மாத்தணும். ஒரு விரலால காட்டறவங்களுக்குச் சில சமயம் ஒரு ரூமை மட்டும் மாத்தினா போதும்.

— பாதி மூட்டு. அதைத்தான் நானும் கேள்விப்பட்டேன். ஒரு டயர் தேஞ்சா எல்லாத்தையுமா மாத்தறோம்? ரிட்டயர் ஆகற வரைக்கும் பஸ் ஓட்டினவன் டாக்டரம்மா, எனக்கா தெரியாது.

— டயர் நல்லா இருந்து அச்சு வளைஞ்சிருந்தா?

— அது கஷ்டம்தான்.

— அதைத்தான் பாக்கப் போறேன். மல்லாந்து படுங்கம்மா. காலைத் தளர விடுங்க. நான் இழுப்பேன், நீங்க எதிர்க்காதீங்க. ம், உள்ள இருக்கற ஜவ்வு கெட்டியா இருக்கு. இது அறுந்திருந்தா பாதி மூட்டுப் பேச்சே கிடையாது. மடக்குங்க. இன்னும். இப்ப நீட்டுங்க. பரவாயில்லையே, முழுசா நீட்ட வருதே.

— தையல் மிஷின்ல உக்காந்த கால் மேடம். அதுக்கு மடங்கி நீளறதுதான் பொழப்பு.

— இன்னமும் தைக்கறீங்களா?

— பேன்ட்டுக் காலை மடிச்சு அடிக்கறது மட்டும். அதுக்கு எழுந்திரிக்க வேண்டியதில்ல. மேடம், ஒண்ணு கேக்கணும். பாதி மாத்தினா நடை மாறுமா?

— கண்டிப்பா மாறும். இப்ப வலது காலை இழுத்து இழுத்து வைக்கறீங்க, உள்ள வரும்போதே பாத்தேன். அது போயிடும்.

— கொஞ்சம்கூட இருக்காதா?

— பயப்படாதீங்க, இருக்காது. போன வருஷம் நான் ஒரு ஊசி போட்டேனே, அது கேட்டுதா?

— கேட்டுதாவா? ஒரு வாரம் இவ நடந்த நடையைப் பாத்து எதிர்வீட்டுக்காரி, யாரு புதுசா குடிவந்திருக்கான்னு கேட்டா டாக்டரம்மா. அப்புறம் பழையபடி வலி. இன்னொரு ஊசி போட்டுக்கலாம் வாடின்னா, மாட்டவே மாட்டேன்னுட்டா. அவ்வளவு பயம்.

— ஊசின்னா பயமாம்மா?

— பயம்னே வச்சுக்கங்க.

— சரி. படுக்க வச்சு எடுத்த எக்ஸ்ரே எனக்கு வேண்டாம், அதுல உண்மை தெரியாது. நிக்க வச்சு எடுத்ததைக் குடுங்க. இங்க பாருங்க சார். உள்பக்கம் எலும்பும் எலும்பும் உரசுது. வெளிப்பக்கம் இடைவெளி அப்படியே இருக்கு. ரெண்டு ரூம் பாத்தாச்சு. இப்ப முன்பக்கம். சில்லை அமுக்கறேன். வலிக்குதா?

— இல்ல.

— இல்லன்னா கட்டில் விளிம்பை ஏன் இப்படிப் பிடிச்சிருக்கீங்க?

— பழக்கம்.

— சில்லுக்குப் பின்னால தேஞ்சிருந்தா படியிலதான் தெரியும். ஏறும்போது அதிகமா, இறங்கும்போதா?

— இறங்கும்போதுதான். ஏறும்போது கையில தட்டு இருக்கும், கவனம் அதுல போயிடும்.

— ஒரு நிமிஷம். சார், வந்ததும் நீங்கதானே சொன்னீங்க, வீட்டுல படி ஏறற வேலையே இல்ல, மாடி பூட்டிக் கிடக்குன்னு?

— பூட்டித்தான் கிடக்கு.

— பூட்டின மாடிக்குத் தட்டு எதுக்கு?

— மாடி எங்க பையனோடது. அவன் வெளிநாட்டுல இருக்கான். இவ சும்மா, கூட்டித் துடைக்க ஏறுவா.

— போதுங்க. டாக்டர்கிட்டயுமா?

— நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு.

— பையன் மாடியிலதான் இருக்கான் மேடம். ஒரே பையன். வேலை போச்சுன்னு வந்தான், ரெண்டு நாள் தூங்கறேன்மான்னு ஏறினான். நாலு வருஷம் ஆச்சு, இறங்கல. உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கான். மூணு வேளையும் நான்தான் சாப்பாடு கொண்டு போறேன்.

— மனநல டாக்டர் யாராவது வந்து பாத்தாங்களா?

— வந்தாரு. கதவோட பேசிட்டுப் போனாரு.

— சரி. ஒண்ணொண்ணா வருவோம். அம்மா, முட்டியை மடக்கி வச்சு மேலேர்ந்து ஒரு படம் எடுக்கணும், சில்லுக்காக. எதிர் ரூம்தான். நர்ஸ் கையைப் பிடிச்சுக்கங்க, அவசரமில்ல.

— போயிட்டாளா?

— போயிட்டாங்க சார். கதவு சாத்தித்தான் இருக்கு, சொல்லுங்க.

— பொய் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. வெளிநாடுன்னா அடுத்த கேள்வி வராது டாக்டரம்மா. என்ன வேலைன்னு கேப்பாங்க, கம்ப்யூட்டர்னுடுவேன், பேசாம போயிடுவாங்க.

— வெளியில எப்படியோ, எனக்குத் தெரிஞ்சாகணும். முழு மூட்டு மாத்தினா, மூணு வேளை மாடி ஏறி இறங்கறதை ரெண்டு மூணு மாசத்துக்கு மறந்துடணும். பாதின்னா சீக்கிரம் தேறிடுவாங்க. இருந்தாலும் முதல் சில நாள் படிப் பக்கமே போக முடியாது. அப்ப நீங்க கொண்டு போவீங்கதானே? உங்க கால் நல்லாத்தானே இருக்கு?

— என் கால் நல்லாருக்கு. அவன் எனக்குத் திறக்க மாட்டான். இவளுக்கு மட்டும்தான் திறப்பான், அதுவும் ஒரு சாண். தட்டை வாங்கிட்டுச் சாத்திக்குவான். நான் ஏறினா, பாதிப் படியில இருக்கும்போதே உள்ள பீரோவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுக்கற சத்தம் கேக்கும்.

— வர்றது யாருன்னு அவனுக்கு எப்படித் தெரியுது?

— அதுதான் எனக்கும் விளங்கல. ஒரு நாள் இவ செருப்பை மாட்டிக்கிட்டு, இவ தட்டற மாதிரியே ரெண்டு விரலால தட்டிப் பாத்தேன். சிரிக்காதீங்க.

— சிரிக்கல சார்.

— திறக்கல. பெத்த அப்பன், பொம்பளைச் செருப்போட அங்கயே நின்னு அழுதேன். போன வருஷம் ஒரு தடவை இவளுக்கே திறக்கல. ஒரு வாரம். உள்ளயே பாத்ரூம் இருக்கு, குழாய்த் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு, கிடந்த பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டுக் கிடந்திருக்கான். கதவைப் பேத்துடலாம்னு கார்ப்பென்டரைக் கூட்டிட்டு வந்தேன். இவ படியில குறுக்கப் படுத்துக்கிட்டா, ஆளை ஏற விடல. அப்புறம் ஒரு நாள் அவனாவே திறந்தான். ஏன் அடைச்சான், ஏன் திறந்தான், இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

— ஆபரேஷன் சமயத்துக்கு என்ன யோசனை வச்சிருக்கீங்க?

— ரொட்டி, பழம், தண்ணி, எல்லாத்தையும் முன்னாடியே இவ கையால உள்ள குடுத்து வச்சுடலாம். சில நாளுக்கு அது தாங்கும். மாசக் கணக்குன்னா தாங்காது. அதுக்குத்தான் பாதி மூட்டுன்னு ஒத்தைக் கால்ல நிக்கறேன். ஆபரேஷனே வேண்டாம்னு விட்டா, இந்தக் காலோட இவ என்னிக்காவது படியில உருளுவா. அப்புறம் மேல போக ஆளே இல்ல. பாதிதான் வழி டாக்டரம்மா. முடியும்னு சொல்லுங்க.

— படம் வரட்டும் சார். நம்ம அவசரத்துக்கு ஏத்த மாதிரி மூட்டு இருக்காது. வாங்கம்மா, உக்காருங்க. படத்தைக் குடுங்க. ம். சில்லுக்குப் பின்னால லேசா சொரசொரப்பு இருக்கு. உள் ஓரத்துல மட்டும்தான். இது தடையில்ல.

— தடையில்லன்னா?

— எல்லாருக்கும் இப்படி அமையாது சார். உங்க வீட்டம்மாவுக்குப் பாதி மூட்டு தாராளமா செய்யலாம். மறுநாளே நடக்க வைப்போம். கொஞ்ச நாள்ல கைப்பிடியைப் பிடிச்சு படி ஏறலாம். தேறின பிறகு பின்னாலேர்ந்து பாத்தா, எந்தக் கால்ல கத்தி வச்சேன்னு எனக்கே தெரியாது.

— கேட்டியாடி?

— கேட்டேன்.

— கிட்டத்துல எந்த நாள் இருக்கோ அதைக் குடுங்க டாக்டரம்மா. நாளைக்குன்னாலும் சரி.

— மேடம், மாத்தினாலும் சில பேருக்கு வலி போறதில்லன்னு சொல்றாங்களே. எனக்கு அப்படி ஆகுமா?

— சில பேருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்தான். உங்க மூட்டைப் பாத்தா அப்படித் தோணலை. நல்லா வரும், தைரியமா இருங்க.

— வலி போயிடும்.

— போயிடும்.

— அப்ப வேண்டாம் மேடம்.

— என்னது?

— வேண்டாங்க. வீட்டுக்குப் போலாம். மதிய சாப்பாட்டுக்கு நேரமாச்சு.

— உனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? மாடியில ஒருத்தன் போதாதா எனக்கு?

— சார், இருங்க. அம்மா, எதுக்குப் பயம்? மயக்க மருந்துக்கா?

— பயமில்ல மேடம். நீங்க நல்லாத்தான் செய்வீங்க. அதுதான் கஷ்டம்.

— எனக்குப் புரியலை.

— இவரு சொல்லியிருப்பாரே. போன வருஷம் ஒரு வாரம் எனக்கே கதவு திறக்கலன்னு.

— சொன்னாரு.

— அது உங்க ஊசி வேலை செஞ்ச வாரம்.

— என்னடி சொல்றே?

— ஊசி போட்ட மறுநாள் காலைல வலியே இல்ல. சின்னப் பொண்ணு மாதிரி விறுவிறுன்னு ஏறினேன். பாதிப் படியில இருக்கேன், பீரோ சத்தம் கேக்குது. எனக்கு, மேடம். என் பிள்ளை எனக்கு பீரோவை இழுத்தான்.

— இத்தனை நாள் ஏன்டி எங்கிட்ட சொல்லல?

— சொல்லி? எனக்கு வலிச்சாத்தான் அவன் சாப்பிடுவான்னு தெரிஞ்சா, நீங்க கீழ எப்படி உக்காந்து சாப்பிடுவீங்க?

— அம்மா, கேளுங்க. காலை இழுக்கற சத்தம்தான் அவனுக்கு அடையாளம்னா, வலி போன பிறகும் கொஞ்சம் இழுத்து வச்சு ஏறுங்களேன். சும்மா ஒரு நடிப்புதானே.

— அதையும் செஞ்சு பாத்துட்டேன் மேடம். அந்த வாரம் பூராவும் வேணும்னே நொண்டிக்கிட்டு, முனகிக்கிட்டுத்தான் ஏறினேன். திறக்கல. ஊசி வேகம் தீந்து, நிஜமாவே வலி வந்து, தட்டோட நடுப்படியில முடியாம உக்காந்துட்டேன். அப்பத்தான் மேல தாழ்ப்பாள் விலகற சத்தம் கேட்டுச்சு.