மூன்று தடவை சிவப்பு

எனது பெயர் மீராசாஹிபு றாஹிலா. வயது 36. தகப்பன் பெயர் ஆதம்பாவா மீராசாஹிபு. கல்முனைக்குடியில் ஒரு வாடகை அறையில் தனியாக வசிக்கிறேன். வீதிச் சமிக்ஞை விளக்குகளைக் கண்காணிக்கும் அறையில் இரண்டு வருடமாகப் பகல் கடமை செய்கிறேன். அந்த அறையில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

எங்கள் சந்தியில் விளக்குகள் தாமாகவே மாறும். கமெரா வாகனங்களை எண்ணி, கூடிய பக்கத்துக்குப் பச்சை கொடுக்கும். சைக்கிளையும் நடந்து போகிறவர்களையும் அது கணக்கில் எடுக்காது. ஆகையால் இறந்தவரின் ஜனாஸா தோளில் வரும்போது பள்ளிவாசலிலிருந்து தொலைபேசியில் கதைப்பார்கள். நான் பொத்தானை அழுத்தி நாலு பக்கமும் சிவப்பு ஆக்குவேன். ஒரு தடவை அழுத்தினால் மூன்று நிமிடம் நிற்கும். அந்த நேரத்தில் மட்டுமே கமெராவைக் கையால் திருப்பலாம்.

நான் விவாகரத்து வாங்கிய நாளிலிருந்து வாப்பா என்னோடு கதைப்பதில்லை. அவர் பகல் லுஹர் தொழுகைக்குச் சைக்கிளில் போவதை நான் தினமும் திரையில் பார்ப்பேன். அவர் வெயிலில் காத்து நிற்கும்போது சில நாட்களில் பொத்தானை அழுத்தி அவரைக் கடக்க விட்டிருக்கிறேன். கேட்கப்படாவிட்டாலும் இதையும் சொல்கிறேன். சம்பவத்துக்கு முன் நாலு நாட்களாக அந்தச் சைக்கிள் வரவில்லை. விசாரிக்க எனக்கு ஆள் இல்லை.

சம்பவ தினம் வியாழக்கிழமை, பிற்பகல் 4.12 மணிக்குப் பள்ளியிலிருந்து நஸீர் என்பவர் கதைத்தார். "தங்கச்சி, ஜனாஸா ஒண்டு வருகுது. கலர் லைட்ட கொஞ்சம் மறிச்சித் தாங்க" என்றார். ஓம் என்றேன். யாருடையது என்று கேட்கவில்லை. நான் கேட்பதில்லை. குளிரூட்டி போட்டு மூடிய அறை என்பதால் பள்ளி ஒலிபெருக்கியில் சொல்லும் மரண அறிவித்தலும் கேட்பதில்லை.

அதன் பின்னர் அழுத்தினேன். ஜனாஸாவைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி சந்திக்கு வந்தபோது முன்னால் தோள் கொடுத்திருந்தவர் என் மூத்த சகோதரர் றிபாத் காக்கா என்பதைக் கண்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அவர் பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். அப்போதுதான் சந்தூக்கில் யார் என்று எனக்கு விளங்கியது. ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. திரையின் மூலையில் சந்தியைக் கடக்கும் வாகனங்கள் பூச்சியம் என்று இருந்தது.

அதன் பின்னர் அவர்கள் சந்தியைக் கடந்து கடற்கரைப் பக்க வீதியில் இறங்கினார்கள். 4.15க்கு விளக்கை விட்டிருக்க வேண்டும். விட்டால் கமெரா சந்திக்குத் திரும்பிவிடும் என்பதால் மறுபடியும் அழுத்தி, சந்தூக்கின் பின்னாலேயே கமெராவைத் திருப்பினேன். 4.18க்கும் அழுத்தினேன். எங்கள் ஊரில் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. கமெராவோடு நான் அதன் வாசல் வரை போனேன்.

4.20க்குச் சந்தியில் நின்றவர்கள் பொறுக்க மாட்டாமல் இரண்டு பக்கமும் கிளம்பியதில், நற்பிட்டிமுனையைச் சேர்ந்த பவிதரன் என்பவரின் மோட்டார் சைக்கிள் டிப்பரில் மோதி அவருடைய கால் முறிந்தது. நான் அதைக் காணவில்லை. கமெரா வேறு பக்கம் பார்த்தது.

அதன் பின்னர் என் மேலதிகாரி அப்துல் ஸமட் வந்து, "மெஷின் பிழை எண்டு சொல்லிருங்க புள்ள. மெஷினுக்கு வேல போகாது, உங்களுக்குப் போயிரும்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

மெஷினில் பிழை இல்லை. முதல் தடவை அழுத்தியது ஊரில் யாரோ ஒருவருடைய ஜனாஸாவுக்காக. மற்ற இரண்டு தடவையும் எனக்காக. பவிதரனின் காலுக்கு நானே பொறுப்பு.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு திருத்தம் மட்டும் கேட்டேன். தகப்பன் பெயருக்கு முன்னால், காலமானவர் என்பதைக் காட்ட, 'மர்ஹூம்' என்று சேர்க்க வேண்டும். சேர்த்த இடத்தில் சிற்றொப்பம் வைத்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்) மீ. றாஹிலா