நம்பர் இல்லாத பிரதிகள்

எனக்குப் படம் வரைய வராது, சார். அதனால்தான் என் புரோகிராமில் எல்லாமே எழுத்தாக இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு கேள்வி, ஒரு பதில். முதன்முதலில் வீட்டுக்காரிக்குக் காட்டியபோது, "என்னங்க இது, துக்கச் செய்தி மாதிரி இருக்கு?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பாராட்டியதெல்லாம் அந்த அளவுக்குத்தான்.

ஆனால் வேலை செய்தது. குழந்தையின் எடையையும் மருந்தின் பெயரையும் தட்டினால், எத்தனை மில்லி என்று ஒரே வரியில் சொல்லிவிடும். பாடாவதி கம்ப்யூட்டரிலும் ஓடும். சின்ன ஆஸ்பத்திரிகளில் வேறெது இருக்கும்? பிளாப்பியில் போட்டு, அட்டையின் உள்பக்கம் ஒரு நம்பர் ஒட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி விற்றேன். டாக்டர்கள் என்னை மருந்துக் கம்பெனி ஆள் என்று நினைத்து இலவசப் பேனா கேட்பார்கள். பேனாவும் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் காப்பி அடிக்க ஆரம்பித்தார்கள். நம்பர் கொடுக்காவிட்டால் ஓடாதபடி ஒரு பூட்டுப் போட்டேன். பத்தே நாளில் யாரோ உடைத்துவிட்டான். ஒரு டாக்டர் என் கையையே பிடித்துக் குலுக்கி, "உங்க புரோகிராம் பிரமாதம் சார், எங்க மச்சான் ஓசியில போட்டுக் குடுத்தான்" என்றார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் சிரிப்புத்தான் வரும்.

அன்றைக்குத்தான் இரண்டாவது பூட்டைப் போட்டேன். இது கதவைச் சாத்தாது. நம்பர் இல்லாத பிரதியும் எப்போதும் போல ஓடும். அது சொல்லும் அளவு மட்டும் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் நூற்றுக்கு ஐந்து வீதம் கூடிக்கொண்டே போகும். பூட்டு இருப்பது தெரிந்தால்தானே உடைப்பான்? கணக்கு தப்பாக வருகிறதென்று பார்த்து, சீ என்று தூக்கிப் போட்டுவிட்டு என்னிடம் வருவார்கள் என்பது என் எண்ணம். படித்தவர்கள், மருந்து கூடினால் கண்ணில் படாதா என்று நினைத்தேன். கூட்டுவதா குறைப்பதா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்ததையும் சொல்லிவிடுகிறேன். குறைத்தால் குழந்தைக்குக் குணமாகாது. பழி மருந்தின் மேல் போய்விடும். புரோகிராமை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால் கூட்டினேன்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"சார், வலிப்பு மருந்துக்கு உங்க புரோகிராம் சொல்ற அளவு ரொம்பக் கூட வருதோன்னு தோணுது. டாக்டர்கிட்ட சொன்னா, கம்ப்யூட்டரை விட நீ பெரிய ஆளான்னு கேக்கறாரு. இது சரிதானா சார்?"

"அட்டைக்குள்ள ஒரு நம்பர் ஒட்டியிருக்குமேம்மா, அதைச் சொல்லுங்க."

"அட்டையெல்லாம் இல்ல சார். நான் வேலைக்குச் சேரும்போதே இது இருந்துச்சு."

"நம்பர் இல்லாதவங்களுக்கு நான் பதில் சொல்றதில்லம்மா. டாக்டரை வாங்கிக்கச் சொல்லுங்க."

"ஒரே ஒரு வார்த்தை சார். சரியா, தப்பா? பாப்பா பெட்ல இருக்கு."

"வாங்கிட்டா எல்லாம் சரியா வரும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை.

குழந்தைக்கு மூன்று வயது. மறுநாள் மூச்சு நின்றுவிட்டது. செய்தி கேட்டு நான் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வேண்டுமானால் வீட்டுக்காரியைக் கேளுங்கள். விளம்பரத்தில் நாய்க்குட்டி தொலைந்தாலே கண்ணைத் துடைத்துக்கொள்கிற ஆள் நான்.

மனசு கேட்காமல் அடுத்த நாள் காலையிலேயே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம்பர் ஒட்டிய புதுப் பிளாப்பி ஒன்றை இலவசமாகக் கொண்டுபோய், நானே உட்கார்ந்து பழைய புரோகிராமை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் என் தோளைத் தட்டி, "உங்கள மாதிரி மனுஷங்க அபூர்வம்" என்றார். வாசல் பெஞ்சில் குழந்தையின் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு. நான் பின்பக்க வழியாக வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து போலீஸ் விசாரணைக்கு நீங்கள் என்னை நிபுணர் என்று கூப்பிட்டீர்கள். அதுவரை எனக்கு யாரும் அப்படியொரு பட்டம் கொடுத்ததில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில், உங்கள் கண் முன்னால், பதினொன்றரைக் கிலோ என்று தட்டினேன். சரியான அளவு வந்தது. அப்படியானால் நர்ஸ்தான் கூடுதலாக ஊற்றியிருக்கிறாள் என்று எழுதினீர்கள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். வராந்தாவில் அந்தப் பெண், "சார், நான் உங்களுக்கு போன் பண்ணேனே, சொல்லுங்க சார்" என்றாள். "தினம் பத்து போன் வருதும்மா, எதைன்னு ஞாபகம் வச்சுக்கறது?" என்றேன். அவளை உள்ளே வைத்து இன்றோடு நாற்பது நாள்.

நேற்று வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து போன். வேறொரு நர்ஸ். அதே சந்தேகம், அவளிடமும் அட்டை இல்லை. நம்பர் கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. "அதைத் தொடாதீங்கம்மா, கையால கணக்குப் போடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: போன் பண்ணாதவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரியாது, சார். எனக்குத் தெரியக் கூடாதென்றுதானே காப்பி அடித்தார்கள். நாளை மறுநாள் ஒன்றாம் தேதி. எல்லாவற்றிலும் இன்னொரு ஐந்து கூடும்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தையைக் கொன்றது நான். அந்தப் பெண் கேட்டாள், எனக்குப் பதில் தெரியும், நான் சொல்லவில்லை. அவளை விட்டுவிடுங்கள்.

பேப்பரில் எச்சரிக்கை கொடுப்பீர்கள் இல்லையா, அதற்குக் கீழே என் முகவரியையும் போடச் சொல்லுங்கள். நம்பர் இல்லாதவர்கள் வந்தால் பாதி விலைக்கே கொடுத்துவிடச் சொல்லி வீட்டுக்காரியிடம் பிளாப்பிகளை எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இந்த மாதிரி நேரத்தில் லாபம் பார்க்கிற ஆள் நான் இல்லை, சார்.