பிற்காலச் சேர்க்கை

பழைய செங்கல்லுக்குச் சிமெண்ட் ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. சுண்ணாம்புதான் பூச வேண்டும். இல்லாவிட்டால் சுவர் மூச்சுவிட முடியாமல் உள்ளுக்குள்ளேயே ஊறிப்போகும். அந்த அளவுக்குக் கட்டடங்கள்மேல் அக்கறை உள்ளவன் நான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்துச் சரக்குக் கிடங்குகளையும் அவற்றை ஒட்டிய ரயில் பாதையையும் பழையபடி மீட்டெடுக்கும் வேலை என் பொறுப்பில் இருந்தது. நான்காம் கிடங்கின் மூன்றாம் மாடியில் என் மாமனார் தனியாகக் குடியிருந்தார். ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. காலி செய்யச் சொல்லி மூன்று முறை நோட்டீஸ் கொடுத்தேன். மூன்றையும் மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தார்.

அந்த மாடியில் மூட்டைகளை ஏற்றி இறக்க ஒரு வாசல் உண்டு. திறந்தால் நேரே கீழே தண்டவாளம். என் மனைவி நடை பழகிய வயதில் அவர் அதற்கு இடுப்புயரக் கம்பித் தடுப்பு போட்டிருந்தார். தினமும் காலையில் அதில் சாய்ந்துகொண்டு, கீழே போகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவார்.

நூறு வருடத்துக்கு முந்தைய புகைப்படத்தில் அந்தத் தடுப்பு இல்லை.

"மாமா, இது பிற்காலச் சேர்க்கை. இருக்கக் கூடாது" என்றேன்.

"நானும் அப்புறமா வந்து சேர்ந்தவன்தானே மாப்பிள்ளை. என்னையும் கழட்டிடுவீங்களா?" என்று சிரித்தார்.

நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஜன்னலில் அவருடைய பனியன் காய்ந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது தடுப்பை நானே கழற்றினேன். நான்கு போல்ட். துருப்பிடித்திருக்கும் என்று முந்தின நாளே எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். கதவை அகலத் திறந்து விட்டேன். புகைப்படத்தில் அது அப்படித்தான் இருக்கிறது.

விழுந்ததும் உயிர் போய்விட்டது என்று மருத்துவர் சொன்னார். அதில் எனக்கு ஓர் ஆறுதல்.

என் மனைவிதான் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறாள்: "ஈரத்தலையைக்கூடத் துவட்டாம அப்பா ஏன் அப்படி அவசரமா வாசலுக்கு வந்தாரு?"

அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், ஐயா. தடுப்பு இல்லை என்று அவரை எச்சரிக்கத்தான் நான் கீழே இறங்கிப்போய், தண்டவாளத்தில் நின்று, "மாமா, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டேன்.