பெண் பார்க்கும் நாளில் ஒரு ஜாய்ஸ்டிக்

கிருபாசங்கர்: ஏனுங்க, பொண்ணுகிட்டத் தனியாப் பேசோணும்னு கேட்டு உள்ள வந்திருக்கேன்... நீங்க பாட்டுக்குக் கம்ப்யூட்டருக்குப் பின்னால பூந்துட்டீங்க?

லோகப்பிரியா: பேசலாமுங்க. இந்த ஒயரைக் கொஞ்சம் புடிங்க.

கிருபாசங்கர்: இது டிவில வீடியோ கேம் ஆடற ஜாய்ஸ்டிக் தானுங்களே?

லோகப்பிரியா: ஆமாங்க. நுனிய வெட்டிப்போட்டு, பிரிண்டர் பிளக்குல நானே ஈயம் வெச்சுப் பத்தவெச்சேன். இப்பக் கம்ப்யூட்டர்லயும் ஆடலாம்.

கிருபாசங்கர்: அப்பப் பிரிண்டரு?

லோகப்பிரியா: கழட்டியாச்சு. அப்பாவோட பம்புசெட் கடை பில்லெல்லாம் நாளைக்கு அடிச்சுக்கட்டும்... இந்தாங்க, ஆடுங்க.

கிருபாசங்கர்: நான் ஆட வரலீங்க. கூடத்துல பெரியவங்க எல்லாம் வெத்தலபாக்கு மாத்திக் கல்யாணத்த உறுதி பண்ணக் காத்துட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒன்னு...

லோகப்பிரியா: ஐயோ, காரு மரத்துல முட்டப்போவுது! எடது பக்கம் அமுக்குங்க!

கிருபாசங்கர்: அமுக்கறேனுங்க... வலது பக்கமல்ல போவுது! மேல அமுக்குனாக் கீழ வருது...

லோகப்பிரியா: போச்சு, முட்டீட்டீங்க. மேட்டுப்பாளையத்துல பாக்கு மண்டி பாக்கறவங்களுக்கு இதெல்லாம் கஷ்டந்தானுங்க.

கிருபாசங்கர்: அப்படீங்களா? செத்த இருங்க...

லோகப்பிரியா: என்னங்க பண்றீங்க?

கிருபாசங்கர்: எல்லாமே எதிராத்தான போவுது? ஜாய்ஸ்டிக்கத் தலைகீழாப் புடிச்சுட்டேன். இப்பப் பாருங்க!

லோகப்பிரியா: அட... லாரி, லாரி! ஒதுங்குங்க! எனக்குக் கொஞ்சம் குடுங்க!

கிருபாசங்கர்: ஒரு ரவுண்டு பொறுங்க அம்மணி!

அம்மா: ஏங் கண்ணு, உள்ள என்ன சத்தம்? சண்டையா?

லோகப்பிரியா: இல்லீங்கம்மா... பேசீட்டிருக்கறோம்!

அம்மா: லாரியப் பத்தி என்ன பேச்சு? மாப்ள ஊட்டுல கேக்கறாங்க... வெத்தலபாக்கு மாத்தீரலாமா?

லோகப்பிரியா: ஏனுங்க... என்னமோ சொல்லோணும்னீங்களே?

கிருபாசங்கர்: அது... இத்தன படிச்ச பொண்ணு நமக்கு ஒத்து வராது, நீங்களே என்னைய வேண்டாம்னு சொல்லீருங்கன்னு கேக்கத்தான் வந்தேனுங்க. இப்பக் கேக்க வாய் வரமாட்டீங்குது.

லோகப்பிரியா: நானும் கல்யாணமே வேண்டாம்னுதான் இருந்தேனுங்க... அதுக்காகத்தான் ஒயரையெல்லாம் வேணும்னே மாத்திப் பத்தவெச்சேன். இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு மாப்பிள்ளைங்களும் ஜாய்ஸ்டிக்க வீசிப்போட்டு, கோவிச்சுட்டுப் போயிட்டாங்க. நீங்க என்னடான்னா அதையே திருப்பிப் புடிச்சு ஓட்டீட்டீங்க... அம்மா, வெத்தலபாக்கு மாத்தச் சொல்லுங்க!