இடி எங்கே என்று சொன்னவர்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்ன ஒரு வார்த்தையில் என் அரைத் தூக்கம் கலைந்துவிட்டது.

“நேத்து பின்னேரம் அசர் தொழுகை நேரம் என்ட மகள் எங்கட ஊட்டுக்கு மேல மூணு தரம் சுத்தினா.”

“என்ன கதைக்கிறீங்க ராத்தா?”

“கட்டார்ல இருந்து வந்த ப்ளேன். கட்டுநாயக்கா ஏர்போட்டுல இடியும் மின்னலும், இறங்க ஏலாது. எங்கட கடற்கரையில கரண்ட் எடுக்கிற காத்தாடி வரிசைய ஜன்னலால கண்டாளாம். நான் கீழ, மழை வரப்போகுதுண்டு கருவாடு அள்ளிக்கிட்டு இருந்தன்.”

“யா அல்லாஹ்! இடி எங்க நிக்கிதுண்டு பைலட்டுக்கு எப்படித் தெரியும்?”

“கீழ இருந்து ஒராள் ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருந்தாராம். அந்தப் பக்கம் போகாதீங்க, மேகம் கட்டுது. இன்னும் கொஞ்சம் சுத்துங்க. இப்ப மேகம் விலகிட்டு, வாங்க. பைலட்தான் பிறகு மைக்குல சொன்னாராம்.”

“வானத்துல போறவருக்கு, வானம் எப்படியிருக்குண்டு தரையில இருந்து சொல்றாங்களா!”

“ஓம். மகள் இப்ப ஊட்டுல தூங்குறா.”

பாலாவி உப்பளம் வந்தபோது மூத்தவர் மறுபடி தொடங்கினார்.

“இண்டைக்கு விடிய சுபஹு தொழுகையில அந்த ஆளுக்குத்தான் முதல் துஆ கேட்டன்.”

“பேர் தெரியுமா?”

“தெரியாது. ஆம்புளையா பொம்புளையா, என்ன இனம், ஒண்டும் தெரியாது. ‘இடி எங்கண்டு சொன்ன புள்ள’ண்டு கேட்டன். அல்லாஹ்வுக்கு ஆளத் தெரியும்தானே.”