எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் இல்லை

எந்தப் பட்டியலையும் நான் முதலில் பென்சிலில்தான் எழுதுவேன். நான்கு நாள் கழித்து மறுபடி பார்ப்பேன். அப்போதும் சரியென்று பட்டால் அதன்மேல் பேனாவால் எழுதுவேன். என் தீர்ப்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. சாலை பஜாரில் நான் வேலை பார்க்கும் இரும்புச் சாமான் கடையிலும் சரக்கிருப்பை இப்படித்தான் எழுதுகிறேன். முதலாளி வன்னியபெருமாள் அண்ணாச்சி, ஆணியை எண்ணுவதற்கு ஒரு வாரமா என்று சலித்துக்கொள்வார். ஆனால் என் இருப்பில் இதுவரை ஒரு ஆணி குறைந்ததில்லை.

தமிழிலேயே எழுதலாம் என்று சொன்னதற்கு நன்றி, ஸ்வப்னா மேடம். என் நாட்குறிப்பு நோட்டுகள் நான்கும் உங்களிடம் இருக்கின்றன. அதில் உள்ளதையே கொஞ்சம் வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

தைக்காட்டில் மாலை ஐந்து முதல் ஏழு வரை ஒலிப்பதிவு வகுப்பு. முடிந்ததும் எதிரில் இருக்கும் டீக்கடைக்கு நாங்கள் நால்வர் போவோம்: லிஜோ, சஜி, மாளவிகா, நான். நால்வருக்கும் ப்ரோக்ரஸிவ் ராக் பிடிக்கும். ஒரு பாட்டே இருபது நிமிடம் ஓடும், பாதியில் தாளம் மாறும், ஒரு முழு ஆல்பமும் ஒரே கதையாக இருக்கும் அந்த வகை. எல்லோரும் அதில் கிட்டாரைப் பற்றித்தான் பேசுவார்கள். நாங்கள் வரிகளைப் பற்றிப் பேசினோம். இந்த இசையில் யார் மிக நல்ல வரிகளை எழுதியவர் என்பதுதான் கேள்வி. இரண்டு வருடம் அதையே பேசினோம்.

சஜிக்கு ஒரு கிழட்டு ஆங்கிலேயர். கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவரைப் பற்றி ஒரு முழு ஆல்பம் எழுதியவர். மாளவிகாவுக்கு, எப்போதோ எழுதுவதை நிறுத்திவிட்ட ஒரு நார்வேக்காரி. லிஜோ யாருக்காகவும் வாதாட மாட்டான், எல்லாரையும் கிண்டல் செய்வான். அவன் பாறசாலைக்காரன். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். நான் யாருக்காகப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் குறிப்பு எடுத்தேன், விதிகளை எழுதினேன். வரிகளை இசையில்லாமல் வாசிக்க வேண்டும். யார் எழுதியது என்று முன்பே சொல்லக்கூடாது. நூற்றுக்கு மதிப்பெண், நான்கு பேரின் சராசரி.

நான்காவது விதி பிறகு வந்தது. சஜியின் ஆங்கிலேயர் பதினோரு வருடம் கழித்துப் புது ஆல்பம் வெளியிட்டார். முழுக்கத் தன் தோட்டத்தைப் பற்றி. எண்பத்தாறில் இருந்தவர் அறுபத்தொன்றுக்கு இறங்கினார். சஜி டீயைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். லிஜோதான் அவன் தோளைத் தட்டிச் சொன்னான்.

“விடுடா. இனிமே எழுதிட்டு இருக்கிறவனுக்கு மார்க்கே வேண்டாம். எழுத்தை நிறுத்தட்டு, அப்புறம் நோக்காம்.”

எல்லோரும் சிரித்தார்கள். எழுதுவதை நிறுத்திய பிறகே மதிப்பெண் என்று நான் அதை விதியாக எழுதினேன். நால்வரும் கையெழுத்துப் போட்டோம். லிஜோவின் கையெழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

அவனும் எழுதுகிறவன் என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது. அவன் நண்பர்களின் குழு ஒன்று பதிவு செய்திருந்த பாட்டு, பொன்முடிக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டரைப் பற்றியது. மலைப்பாதையின் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு இருபத்திரண்டு பகுதிகள். யார் எழுதியது என்று சொல்லாமல் மாளவிகா வாசித்தாள். பதினேழாவது வளைவில் இப்படி வரும்: ‘ஒற்றை மணி அடித்தேன். பஸ் நின்றது, மலை நிற்கவில்லை.’ சஜி அதை மறுபடி வாசிக்கச் சொன்னான். சராசரி தொண்ணூற்றொன்று. நான் நான்கு நாள் கழித்து மறுபடி பார்த்தேன். அதே தொண்ணூற்றொன்று.

ஆனால் பட்டியலில் அவனைச் சேர்க்க முடியாது. அவன் எழுதிக்கொண்டிருந்தான். இதற்குப்பிறகு எந்த விவாதமும் அவனிடம் வந்து நின்றுவிடும். மறுவாரம் மறுபடி முதலிலிருந்து. பகலெல்லாம் நட்டும் போல்ட்டும் எண்ணிவிட்டு, மாலையில் இரண்டு மணிநேரம் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு, முடியாத ஒரு பேச்சை எழுதிக்கொண்டிருப்பது எவ்வளவு களைப்பு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் மேசையிலும் கோப்புகள் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நோட்டில் எப்படியும் இருக்கிறது. ஒருமுறை நான் எழுதிய வரிகளையும் கலந்து வாசிக்கக் கொடுத்தேன். முப்பத்தெட்டு வந்தது. “இது ஆரோ கடையில ஸ்டாக் எடுத்த மாதிரி இருக்கு, கேட்டோ” என்றான் லிஜோ. மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு பெல்ஜியக்காரர் எழுதியது என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அன்றைய குறிப்பை எப்போதும்போல அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன், நீங்கள் பார்க்கலாம்.

செப்டம்பரில் லிஜோ அடுத்த ஆல்பத்தின் வரிகளை எனக்கு மட்டும் காட்டினான். “நீதானடீ ஒழுங்கா மார்க் போடுவே” என்றான். நான் வீட்டில் வைத்துப் படித்தேன். ஐம்பத்துநான்கு. சஜியின் ஆங்கிலேயருக்கு நடந்தது இவனுக்கும் நடக்கப்போகிறது என்று தோன்றியது. பொன்முடிப் பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். தூங்கவே முடியவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் தூங்கினேன்.

நான் கரமனையில் ஆற்றோரம் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறேன். படித்துறைக்கு அந்தப்பக்கம், முழங்கால் ஆழத்தில் நடந்து போனால் ஒரு பாறை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லிஜோ அதன்மேல் உட்கார்ந்து எழுதுவான். பையை என் அறையில் வைத்துவிட்டு, தாளும் பேனாவும் மட்டும் கொண்டுபோவான். குழு அனுப்பும் வெறும் இசையைக் கேட்டபடியே எழுதுவான். அந்த ஞாயிறு அவன் ஹெட்செட் சரியில்லாமல் இருந்தது. என்னுடையதைக் கொடுத்தேன். வெளிச்சத்தம் உள்ளே வராத வகை. காலையிலேயே சார்ஜ் போட்டு வைத்திருந்தேன்.

நகரத்தில் மழை இல்லை. மலையில் மூன்று நாளாகப் பெய்திருந்தது. நாலரை மணிக்குத் தெருவில் மைக் கட்டிய ஜீப் வந்தது. அணையின் ஷட்டர்களைத் திறந்துவிட்டோம், ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று இரண்டு முறை தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனது. லிஜோ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு காதை மட்டும் விலக்கி, “வண்டியில என்னடீ சொல்லிட்டுப் போறான்?” என்று கேட்டான்.

“பம்பர் லாட்டரி” என்றேன்.

“அடிச்சா நமக்கொரு ஸ்டுடியோ” என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

இவ்வளவையும் நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. அக்கரையிலிருந்து யாரோ எடுத்த வீடியோவைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதில் நான் படித்துறையில் நிற்கிறேன். தண்ணீர் இரண்டாம் படிக்கு வந்துவிட்டது, நிறம் மாறிவிட்டது. அக்கரையில் ஆட்கள் கத்துகிறார்கள். லிஜோ தலை நிமிர்ந்து, அவர்களை அல்ல, என்னைப் பார்க்கிறான். நான் கையை உயர்த்தி ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போடுகிறேன். அவன் மறுபடி குனிகிறான்.

அவனை நான் கூப்பிட்டேன் என்று நீங்கள் முதலில் நினைத்தீர்கள். நானும் மறுக்கவில்லை. சஜி வீடியோவைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டான் என்று சொன்னீர்கள். அவன் உங்களிடம் சொன்னது சரிதான். வகுப்பில் முதல் வாரமே அதைக் கற்றுத்தருவார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் குரல் கேட்காது, அதனால் கையால் பேச வேண்டும். விரலால் வட்டம் போட்டால், எல்லாம் சரி, ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்தாதே என்று பொருள். லிஜோ என்னை முழுக்க நம்பினான். பத்து நிமிடத்தில் பாறை தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத் திருவல்லம் பக்கம் கிடைத்தான்.

ஆம், அவன் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். புது வரிகளின் தாள்கள் அவன் பையில் இருந்தன. அன்றே அடுப்பில் போட்டேன். வேறு பிரதி இல்லை.

இன்று காலை நீங்கள் நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஐம்பத்துநான்குக்கு அடியில் பென்சிலில் ஒரு எண் அழிக்கப்பட்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்டீர்கள். அது தொண்ணூற்றுநான்கு. முதல் வாசிப்பில் அப்படிப் போட்டிருந்தேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது கூடுதலாகத் தோன்றியது. சொன்னேனே, என் முதல் தீர்ப்பை நான் நம்புவதில்லை.

இப்போது விதிப்படி லிஜோவைச் சேர்க்கலாம். சேர்த்துவிட்டேன். நேற்று நீங்கள் கொடுத்த தாளில் பட்டியலை முடித்து, பேனாவாலேயே எழுதியிருக்கிறேன். லிஜோ இரண்டாவது. மாளவிகாவின் நார்வேக்காரி மூன்றாவது. முதல் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். இங்கே மாலை நேரங்கள் அமைதியாக இருக்கின்றன, மேடம். இன்னும் கொஞ்சம் தாள் கொடுத்தால் நல்லது. நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.